பூட்டிக் கிடக்கும் லேபைப் பிள்ளைகள் பொறுப்பில் விடலாமா? மலைப் பள்ளிகளில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

மூடுபனி டீச்சர் (கோத்தகிரி)

வணக்கம். கோத்தகிரி பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பு வரைதான் என்பதால் கணினிக்கென்று தனி ஆசிரியர் இல்லை. ஹைடெக் லேப் சாவி என் பொறுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன நவம்பர் மழையில் மரம் விழுந்து, ரோடு அடைபட்டு, பள்ளி விட்டு விட்டுத்தான் நடந்தது. மூன்று வாரம் கழித்து லேபைத் திறந்தால் பூசண வாடை. பத்து மெஷினில் நான்கு ஆன் ஆகவில்லை. புரொஜெக்டரில் படத்துக்கு நடுவே புகை படிந்தது போல ஒரு மங்கல். புகார் பதிந்தோம். கீழே சமவெளியிலிருந்து ஆள் வர வேண்டும். பதினெட்டாம் நாள் வந்தார். ஒரு பெட்டியைத் திறந்தார், உள்ளேயிருந்து பச்சையாக ஒரு பட்டையை உருவினார், அதன் விளிம்பைத் துடைத்தார், திரும்பச் செருகினார். மெஷின் ஓடியது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "மிஸ், இதுக்காகவா இத்தனை நாள் நாம லேபுக்கே வரல?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எட்டு, ஒன்பது படிக்கும் பிள்ளைகளில் பத்துப் பேரைச் சேர்த்து, லேபையும் ஸ்மார்ட் வகுப்பறையையும் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியை மறுக்கவில்லை. ஆனால் "எதாவது உடைந்தால், யாருக்காவது ஷாக் அடித்தால் யார் பதில் சொல்வது?" என்கிறார். அந்தப் பயம் நியாயமானது. செய்து பார்த்தவர்கள் இருந்தால், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

பந்தலூர் சாரல்

டீச்சர், தாராளமாகச் செய்யுங்கள். எங்களுக்கு எல்லை தாண்டினால் வயநாடு. என் அக்கா மகள் பத்தேரியில் படிக்கிறாள், அவள் பள்ளியில் 'லிட்டில் கைட்ஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பள்ளிகளின் கணினிக் கல்வியைப் பார்த்துக்கொள்ளும் கேரள அரசின் 'கைட்' நிறுவனம் 2018 ஜனவரியில் தொடங்கியது. எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், பத்தாம் வகுப்பு வரை அதில் இருக்கலாம். அனிமேஷன், எலக்ட்ரானிக்ஸ், மலையாளத் தட்டச்சு, ஹார்டுவேர், இணையப் பாதுகாப்பு என்று வரிசையாகப் பயிற்சி. அங்கே பள்ளி மெஷின்களில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுவது லினக்ஸ், இலவச மென்பொருள். அதனால் லைசென்ஸ் பற்றிய பயம் இல்லை. கெட்டுப்போனால் பிள்ளைகளே மறுபடி இன்ஸ்டால் செய்துவிடுவார்கள்.

நான் கவனித்த ஒன்று: அங்கே அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளைத் தனியாக விட்டுவிடவில்லை. நம் பக்கம் அந்த ஏற்பாடு இல்லாதபோது எல்லாம் உங்கள் தலையில்தான் வந்து விழும். அதற்கும் தயாராக இருங்கள்.

குன்னூர் சர்வீஸ் கடை

டீச்சர், அந்த ஆள் உருவிய பட்டைதான் ராம், மெஷினின் தற்காலிக நினைவகம். அதன் விளிம்பில் தங்க நிறத்தில் பற்கள் வரிசையாக இருக்கும். நம் ஊர் ஈரத்தில் அந்தத் தொடுமுனைகளில் கண்ணுக்குத் தெரியாமல் அழுக்குப் படலம் பிடிக்கும், தொடர்பு விட்டுவிடும். மெஷின் ஆன் ஆகாது, அல்லது கீங் கீங் என்று கத்தும். பிளக்கை உருவிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் இரும்பு உடலை ஒருமுறை தொடுங்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பிறகு ராமை எடுத்து, பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அந்தப் பற்களை இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, இரண்டு ஓரமும் 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது முடியும். ஆனால் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அதற்குப் புகார்தான் வழி.

உங்கள் கதையில் எனக்கு உறுத்தியது அந்த மூன்று வாரம். பள்ளிகளிலிருந்து என் கடைக்கு வரும் மெஷின்கள் பெரும்பாலும் ஓடித் தேய்ந்தவை அல்ல, சும்மா கிடந்தே வீணானவை. மெஷின் ஓடினால் உள்ளே சூடு வரும், சூடு இருந்தால் ஈரம் தங்காது. சோலூர் மட்டமானாலும் தேவாலாவானாலும், தினமும் அரை மணி நேரம் ஓடும் மெஷினுக்கு ஆயுசு அதிகம். பிள்ளைகள் வேறு எதுவும் செய்ய வேண்டாம், காலையில் வந்து எல்லாவற்றையும் ஆன் செய்து, ஓடுகிறதா என்று பார்த்தாலே பாதிப் பழுது வராது. உங்கள் புரொஜெக்டர் மங்கலும் லென்ஸில் பூசணம் பிடித்ததாகத்தான் இருக்கும். அதைத் துடைக்க முயல வேண்டாம், என்னிடம் கொண்டு வாருங்கள்.

லேப்டாப்களை இரும்பு பீரோவில் வைத்தால் சிலிக்கா ஜெல் பை போடுங்கள். நீல மணி ரோஜா நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சமையல் சட்டியில் போட்டு வறுக்காதீர்கள், அந்த நீலச் சாயம் நஞ்சு. பனிக்காலக் காலையில் பீரோவிலிருந்து எடுத்ததும் ஆன் செய்யக் கூடாது. நாற்பது பிள்ளைகள் மூச்சு விடும் அறைக்குள் சில்லிட்ட லேப்டாப் வந்தால், கண்ணாடியில் பனி பூப்பது போல உள்ளேயும் பூக்கும். அரை மணி நேரம் மேஜையில் கிடக்கட்டும்.

இனி பிள்ளைகள் தொடவே கூடாதவை. மெஷினுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கக் கூடாது, பிளக்கை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். யுபிஎஸ் பேட்டரியில் தண்ணீர் ஊற்றுவது பெரியவர்கள் வேலை, உள்ளே இருப்பது ஆசிட். தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வதோடு பிள்ளைகள் நிறுத்திக்கொள்ளட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த் பாருங்கள். பாறை மண்ணில் எர்த் சரியாக இறங்காது. பெட்டியைத் தொட்டால் விரலில் ஜிவ்வென்று ஏறுகிறது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் அன்றைக்கு லேபை மூடுங்கள். தலைமையாசிரியையின் பயத்துக்கு முதல் பதில் இதுதான்.

கூடலூர் கணக்கு

என் கருத்து வேறு. அரசு ஆள் போட வேண்டிய இடத்தில் பிள்ளைகளை நிறுத்துகிறோம். "மாணவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்" என்று ஒருமுறை மேலே தெரிந்தால் அப்புறம் எந்தக் காலத்திலும் ஆள் வராது. பட்டணத்தில் இருக்கும் கட்டணப் பள்ளியில் சர்வீஸ் ஆள் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார். தோட்டத் தொழிலாளி பிள்ளை மட்டும் ஏன் படிக்க வந்த இடத்தில் வேலை பார்க்க வேண்டும்?

லைன் வீட்டு அம்மா

நான் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன், எழுதுவது என் மகன் போனில். மகள் ஒன்பதாவது. டீச்சர், சாயங்காலம் நாலே காலுக்கு எங்கள் பக்கம் பஸ். அதை விட்டால் ஆறரைக்குத்தான், அதுவும் மழை என்றால் நிச்சயமில்லை. இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் தேயிலைக்குள் நடக்க வேண்டும், கரடியும் காட்டெருமையும் வருகிற வழி. நல்ல காரியம் என்றே வைத்துக்கொள்வோம். பள்ளி விட்ட பிறகு என்றால் என் பிள்ளை வர முடியாது. ரோட்டோரம் வீடு இருக்கிற பிள்ளைகள் மட்டும்தான் வரும். அதை யோசித்துச் செய்யுங்கள்.

மூடுபனி டீச்சர் (கோத்தகிரி)

அம்மா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. பள்ளி விட்ட பிறகு என்றுதான் நான் திட்டம் போட்டிருந்தேன். மாற்றிவிட்டேன். காலை வழிபாட்டுக்கு முன் இருபது நிமிஷம், அப்புறம் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. பஸ் பிள்ளைகள் எட்டரைக்கே வந்துவிடுகிறார்கள், அந்த நேரம் சும்மாதான் நிற்கிறார்கள்.

கணக்கு சார், நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஆள் வரும்வரை லேப் பூட்டிக் கிடப்பதும் அதே தோட்டத் தொழிலாளி பிள்ளைக்குத்தானே நஷ்டம்?

ஹாஸ்டல் மாணவன் (இப்போது கோவை)

டீச்சர், நான் கூடலூர் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவன். பதினோராம் வகுப்பில் எங்கள் வார்டன் சார் லேப் சாவியை என்னிடம் கொடுத்தார். இப்போது ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை. அதனால் இதில் எனக்குப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். லேபில் இருந்த ஒரே இன்டர்நெட் மெஷினில் அந்தப் பக்கம் திறக்கவில்லை, 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக வந்தது. எல்லாரும் நெட் போய்விட்டது என்றார்கள். சார் கூடலூர் போய் பிரவுசிங் சென்டரில் செய்யலாம் என்று கிளம்பினார். நான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2010 ஜனவரி 1 என்று இருந்தது. மெஷின் தன்னைப் பழைய காலத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, இணையதளத்தின் பாதுகாப்புச் சான்று இன்னும் தொடங்கவே இல்லை என்று தள்ளிவிடுகிறது. தேதியை மாற்றினேன், பக்கம் திறந்தது. பதினேழு பேருக்கு விண்ணப்பம் போட்டோம்.

காரணம், மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல இருக்கும் சிஆர் 2032 பேட்டரி. கோடை விடுமுறையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் மெஷினின் கடிகாரம் அந்தச் சின்ன பேட்டரியில்தான் ஓடும், சீக்கிரம் தீர்ந்துவிடும். மறுநாள் வாட்ச் கடையில் வாங்கி வந்து மாற்றினேன்.

அந்த மெஷின் சரியானது எனக்குப் பெரிதாக இல்லை. அதற்கு அடுத்த வாரம் இயற்பியல் சார் என்னைக் கூப்பிட்டு, "ஏப்பா, இந்த வீடியோவில் சத்தம் வரலை, என்னன்னு பாரேன்" என்றார். அதுவரை அந்தப் பள்ளியில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. நான் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளை. வகுப்பில் கடைசி பெஞ்சு. அவர் என்னிடம் சந்தேகம் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் மார்க் வாங்கும் பிள்ளைகளாகப் பார்த்து எடுக்காதீர்கள், டீச்சர். இன்னொன்று: எங்கள் குழுவில் ஒரு பெண் கூட இல்லை. என் தங்கை அதே பள்ளி. அவளும் லேபுக்கு வந்தாள், பெருக்குவதற்கு. அன்றைக்கு நானும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. இன்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ராமைக் கழற்றுவதும் தரையைப் பெருக்குவதும் எல்லாருக்கும் முறை வைத்து வரட்டும்.

கூடவே ஒரு யோசனை. 2011இலிருந்து கொடுத்த இலவச லேப்டாப்கள் லைன் வீடுகளிலும் காலனிகளிலும் பேட்டரி செத்துப் பரணில் கிடக்கின்றன. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓடும். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஏற்றினால் தட்டச்சுக்கும் பாட வீடியோவுக்கும் தாராளம். பழகுவதற்கும் அதுதான் நல்லது, பள்ளிச் சொத்து உடையுமோ என்ற பயம் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டு நான்கைந்து எஸ்எஸ்டி வாங்கித் தருகிறேன்.

மேல்மலை ஓய்வு (கொடைக்கானல்)

மன்னவனூர், பூம்பாறை பக்கம் பல வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். நல்லா இருப்பா.

டீச்சர், ஒரு எச்சரிக்கை. மெஷின் உடைந்தால் இன்னொன்று வாங்கலாம். நான் பயந்தது பாஸ்வேர்டுக்கு. மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளமான எமிஸில் வருகை போட நேரமில்லாமல், சிக்னல் கிடைக்காமல், கெட்டிக்காரப் பிள்ளையைக் கூப்பிட்டு "நீ போட்டுடு" என்று தன் பாஸ்வேர்டைச் சொல்லும் ஆசிரியர்கள் என் பள்ளியிலேயே இருந்தார்கள். அதில் ஒவ்வொரு பிள்ளையின் சாதி, வருமானம், ஆதார், பெற்றோர் விவரம் எல்லாம் இருக்கிறது. சக மாணவன் கண்ணில் அது படவே கூடாது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. ஆகவே முதல் நாளே எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: பிள்ளைகள் பக்கத்தில் நின்று எங்கே அமுக்குவது என்று காட்டலாம், பாஸ்வேர்டு அடிக்கும்போது திரும்பி நிற்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்குங்கள். பள்ளி மெஷினில் ஆசிரியருடைய சொந்தப் போட்டோ, மெயில் திறந்து கிடந்தால் பார்க்காமல் மூடிவிட்டுச் சொல்லும் பழக்கமும் இதில் சேர்ந்ததுதான்.

கணக்கு சாருக்கு என் பதில்: பிள்ளைகள் சரிசெய்யும் ஒவ்வொரு பழுதையும் நோட்டில் எழுதுங்கள். தேதி, மெஷின் எண், என்ன கோளாறு, என்ன செய்தோம், யார் செய்தது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதட்டும். புகார் பதிவதையும் நிறுத்தாதீர்கள். எழுதாமல் சரிசெய்தால்தான் மேலிடத்துக்கு இங்கே பழுதே இல்லை என்று தோன்றும். வருஷக் கடைசியில் அந்த நோட்டை மேலே காட்டி, "இவ்வளவு வேலை இருக்கிறது, ஆள் கொடுங்கள்" என்று கேட்கலாம். நான் இரண்டு முறை அப்படித்தான் கேட்டேன். இரண்டாம் முறை பகுதி நேரத்துக்கு ஓர் ஆள் வந்தார்.

இது நமக்குப் புதிதே தவிர உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியா ஊரில் டென்னிஸ் ஹார்ப்பர் என்பவர் 1995இல் 'ஜெனரேஷன் யெஸ்' என்று தொடங்கினார். அதில் எனக்குப் பிடித்தது, ஒரு மாணவரை ஓர் ஆசிரியரோடு ஜோடி சேர்க்கும் முறை. ஒயர் மாட்டுவதோடு முடியாது. அந்த ஆசிரியர் அடுத்த வாரம் எந்தப் பாடம் எடுக்கப் போகிறார், அதற்கு என்ன வேண்டும் என்று பிள்ளை கேட்டு, சேர்ந்து தயார் செய்யும்.

தமிழ் ஐயா (உதகை)

மேல்மலை ஐயா சொன்ன ஜோடி எனக்கு நடந்தது. என் வினாத்தாள்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். வேறு மெஷினில் திறந்தால் ஒரு எழுத்தும் தமிழாக இருக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அவற்றை எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக மாற்றித் தந்துவிட்டு, "ஐயா, நீங்க தமிழ்99 கீபோர்டு முறை பழகிடுங்க" என்றாள். உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு; புள்ளி தானாக விழுகிறது. எனக்கு 54 வயது. அவள் என் விரலைப் பார்த்துப் பார்த்துப் பதினைந்து நாள் சொல்லிக்கொடுத்தாள். இடையில் ஒரு நாள் அவளுக்குப் புணர்ச்சி விதி புரியவில்லை, "மகர மெய் எப்படி மாறுது?" என்று என்னிடம் கேட்டாள். கீபோர்டை வைத்தே சொல்லிக்கொடுத்தேன்.

கூடலூர் கணக்கு

நோட்டு விஷயம் சரி. அதை நான் யோசிக்கவில்லை. பதிவு இருந்தால் கேட்க முடியும். ஆனால் டீச்சர், பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பை இதில் இழுக்காதீர்கள். அப்புறம், வகுப்பு நடக்கும்போது "ஒரு நிமிஷம் வந்து புரொஜெக்டர் பாரு" என்று பிள்ளையைக் கணக்குப் பாடத்திலிருந்து எழுப்பிக்கொண்டு போகக் கூடாது. அதை எழுத்தில் போடுங்கள்.

மூடுபனி டீச்சர் (கோத்தகிரி)

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். எர்த் இல்லவே இல்லை. கம்பி இருந்தது, மண்ணுக்குள் போகாமல் சுவரோடு நின்றிருந்தது. புதிதாகக் குழி தோண்டிப் போட்ட பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட்டேன். குன்னூர் அண்ணா, அந்த ஒரு வரிக்காக உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பன்னிரண்டு பேர். ஏழு பெண்கள். பெயர் கொடுத்தவர்கள் எல்லாரையும் எடுத்துக்கொண்டேன், மார்க் பார்க்கவில்லை. ஐந்து பேர் எஸ்டேட் பஸ். பெருக்குவதற்கும் முறை உண்டு, போன வாரம் என் முறை. அந்த ஆள் ஓட வைத்தது போக மீதி மூன்றில் இரண்டு வாரண்டி முடிந்தவை, ரப்பரிலேயே எழுந்துவிட்டன. மற்ற ஒன்றுக்குப் புகார் நிலுவையில் இருக்கிறது. காலையில் வரிசையாக எல்லா மெஷினும் ஆன் ஆகும் சத்தம் எனக்கு இப்போது பள்ளி மணி மாதிரி ஆகிவிட்டது. பூசண வாடை போய்விட்டது.

முதலில் கேள்வி கேட்டாளே, அந்தப் பெண்தான் நோட்டு எழுதுகிறாள். நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "மெஷின் 6. மதியம் 2 மணிக்கு மேல் தானாக அணைகிறது. காலையில் நன்றாக ஓடுகிறது. ராம் துடைத்தோம், ஒயர் மாற்றினோம், சரியாகவில்லை. காரணம் தெரியவில்லை. நாளை மறுபடி பார்க்க வேண்டும்."

அண்ணா, இது என்னவாக இருக்கும்?

குன்னூர் சர்வீஸ் கடை

இரண்டு மணிக்கு மேல் மட்டும் என்று அந்தப் பிள்ளை கவனித்ததே பெரிது, டீச்சர். இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கத் துவாரத்தில் கை வைத்தால் காற்று வருகிறதா, வரும் காற்று எவ்வளவு சூடு. இன்னொன்று, உங்கள் பக்கத்தில் டீ ஃபேக்டரி இருந்தால் அது ஓடும்போது கரண்ட் இறங்கலாம், அதனால் மெஷின் அணையும் அதே நேரம் டியூப்லைட்டும் மங்குகிறதா. ஒரு வாரம் நேரம் போட்டு எழுதட்டும். பெட்டியைத் திறக்க வேண்டாம். எழுதியதை அவளையே இங்கே பதியச் சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை அந்தப் பக்கம் வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம்.